கரடிமலை நாண்கள்

மழை தவறாத நெடுவயல் நாட்டை ஆளும் வேந்தர் திருமாவேள் அவர்களின் ஆணை ஏந்திக் கரடிமலைக்கு வந்த அமைச்சன் எழினியாதன், அடிவாரக் கணவாயில் குதிரைப்படையோடு பாசறை கொண்டுள்ள தளபதி கொற்றங்குமரருக்கு எழுதும் ஓலை. தங்கள் கொடியும் குடியும் குறைவின்றி விளங்குக.

மலைக்குடியினரோடு நாம் எட்டாண்டு பொருது கண்ட உடன்படிக்கைப்படி, அவர்கள் தாமே திரட்டிய வில்லாளர் படை பௌர்ணமிக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. கெடுவுக்கு முன்பே வந்து முந்நூறு வில்களை மன்றத்தில் வைத்தார்கள். ஒன்றிலும் நாண் இல்லை. நாணற்ற வில் வெறும் மூங்கில். வேறு மூங்கில் ஒரு பகலில் கிடைக்கும், மரல் நாரைத் திரித்து நாண் ஆக்கவோ ஒரு பருவம் வேண்டும். இது சூது என்று கொதித்து, அவர்கள் தலைவன் வேட்டனைக் கட்டிவைக்கச் சொன்னவன் நான்தான். பழியை ஏவலர் தலையில் போட விரும்பவில்லை.

பின்னரே விளங்கியது. இம்மலையில் வில் ஆணுடையது. நாண் அதைத் திரித்த பெண்ணுடையது. அதை எடுத்துக் கொடுக்க ஆணுக்கு உரிமையில்லை. ஆறு திங்கள் பேச்சு நடத்திய நாம் ஒரு பெண்ணையும் அழைக்கவில்லை. வெட்கத்தோடு வேட்டனை அவிழ்த்துவிட்டு, அவன் மனைவி கடம்பியிடம் போய்க் கேட்டேன். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே தருகிறேன்: “எங்கள யாரும் கேக்கலயே. கேட்டிருந்தா, கீழ நிக்கிற குதிரை எப்பப் போவும்னு நாங்களும் கேட்டிருப்போம்.”

சென்ற ஆண்டுக் கோடையில் தங்கள் குதிரைகள் இவ்வூர் புகுந்தபோது அவள் தமையன்மார் இருவரும் மாண்டார்கள். ஆகவே படை மூன்று காதம் பின்வாங்கும் என வேந்தர் பெயரால் வாக்களித்தேன். நேற்றுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நாண்களைத் தீயில் இட்டார்கள். சிலர் அழுதார்கள். இப்போது இம்மலையில் எய்யத்தக்க வில் ஒன்றும் இல்லை. இதைத் தங்களுக்கு எழுதவே அஞ்சினேன், எழுதாமலும் முடியாது.

ஆகையால் ஓலை கண்ட பொழுதே பாசறையைக் கலைத்து மூன்று காதம் தள்ளியுள்ள மருதந்துறைக்குப் பெயர்க. என் கையெழுத்தைத் தாங்கள் அறிவீர். முத்திரை இல்லையென்று தயங்க வேண்டா. முத்திரை மோதிரம் கடம்பியிடம் பிணையாக இருக்கிறது. நானும் இருக்கிறேன். குதிரைகள் மலையேறுமாயின், ஊர் வாயிலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் என்னை மிதித்தே ஏற வேண்டும்.

ஆவணித் திங்கள், வளர்பிறை பத்தாம் நாள். இது ஆணை.