உன் படத்தை அந்தப் பேப்பருக்குத் தரமாட்டேன்

அன்பிலும் பிடிவாதத்திலும் எனக்கு மூத்தவளான லெச்சுமி அக்காவுக்கு,

அடுத்த வாரம் நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு வேண்டியதையெல்லாம் உன் அண்ணன் முனியாண்டிதான் பார்க்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உன் நினைவஞ்சலி விளம்பரத்தை எந்தப் பேப்பரில் போடுவது என்று அவருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. நீ செத்தும் உன் பேப்பர் சண்டை ஓயவில்லை, பார்த்தாயா?

ஞாயிற்றுக்கிழமை கோப்பெங்கிலிருந்து நேராக, நீயும் நானும் நடத்திய நம் சலூனுக்கு வந்து நின்றார். ஒரு வாடிக்கையாளருக்கு முடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் உன் படத்தைக் காட்டினார்.

“இந்திரா, அந்தப் படத்த எடுத்துக் குடும்மா. பேப்பர்ல போடணும்.”

“எந்தப் பேப்பர்லண்ணே?”

பெயரைச் சொன்னார். நான் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

“தரமாட்டேன்.”

“என்னம்மா இது? பேராக் முழுக்க நம்மாளுங்க அதத்தான் வாங்குறாங்க. கலர்ல கால் பக்கம் வரும். நீ வாங்குற பேப்பர யாரு படிக்கிறா?”

“அக்கா படிச்சா.”

“அவதான் இல்லையேலா!” என்று கத்தினார். கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம்தான். ஆனாலும் நான் இறங்கவில்லை.

சாயத்தோடு உட்கார்ந்திருந்த அந்த வாடிக்கையாளர்ப் பெண், சமாதானம் செய்கிறேன் என்று, “இந்தியா போனப்ப எடுத்த பாஸ்போர்ட் படம் இருக்கும்லா அண்ணே, அதப் போடுங்க” என்றாள். “அதுல என்னை மொறைக்கிற மாதிரியே இருக்கா” என்றார் முனியாண்டி அண்ணன். உனக்குப் படம் எடுத்தாலே பிடிக்காது. போனில் இருப்பதிலெல்லாம் நீ பாதித் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய். நீ சிரிக்கிற ஒரே படம் என்னிடம்தான் இருக்கிறது.

நம்மவர்கள் அந்தப் பேப்பரை வாங்கியதும் முதலில் புரட்டுவது மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான். யார் போனார்கள், யாருக்குக் கருமாதி, எந்த எஸ்டேட் ஆள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளி, எஸ்டேட் லயத்து வீடுகளை இடித்து, ஆளுக்கு ஒரு தாமான் குடியிருப்பாகச் சிதறிப்போன பிறகு, பழைய ஆட்கள் ஒன்றாகக் கூடும் இடம் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்காக மற்றப் பக்கங்களையெல்லாம் மன்னிக்க வேண்டுமா?

உன் தம்பிக்கு அவர்கள் செய்ததை எப்படி மன்னிப்பது? தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் செல்வத்தைக் குணமாக்கி, கையில் கடிதமும் கொடுத்து முறையாகத்தான் அனுப்பினார்கள். அழைத்துவர நீ கிளம்புவதற்குள் அவனே பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டான். மறுநாள் காலை நம் கடை பெஞ்சில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டே பேப்பரைப் பிரித்தான். ‘மனநோயாளி தப்பியோட்டம், மக்கள் பீதி’ என்று அவன் படத்தையே போட்டிருந்தார்கள். யார் சொன்னதோ, யாரைக் கேட்டு எழுதினார்களோ! அவன் கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, என்னைப் பாத்து யாரு பயந்தா?” என்று கேட்டான். நீ கடையை மூடிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு பேப்பர் ஆபீசுக்குப் போனாய்.

அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே, “இன்னிக்குப் பேப்பர நாளைக்கு யாரு பாக்கப்போறாங்க அக்கா? விடுங்கலா” என்று அனுப்பிவிட்டார். அன்றோடு அந்தப் பேப்பருக்கு நம் கடையில் இடமில்லாமல் போயிற்று. தரையில் விரிக்கக்கூட வேண்டாம் என்றாய்.

அதற்குப் பிறகு நீ பேப்பர் பொறுக்கிய அழகைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதுபோல அல்லவா விசாரித்தாய்! தப்பைத் தப்பென்று மறுநாள் ஒப்புக்கொள்கிறதா? திட்டி வந்த வாசகர் கடிதத்தையும் போடுகிறதா? எழுதியவர் பெயர் இருக்கிறதா? விளம்பரத்தைச் செய்தி மாதிரி வேஷம் கட்டி விடுகிறதா? ஒரே செய்தியைத் தமிழ்ப் பேப்பரிலும் மலாய்ப் பேப்பரிலும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, “ரெண்டு பேருல ஒருத்தன் போய்ப் பாக்கவே இல்ல” என்பாய். வார இதழ்களில் ஒன்றைச் சில மாதம் வாங்கிப் பார்த்து, அட்டையில் நடிகையும் உள்ளே ராசிபலனும்தான் என்றானதும் நிறுத்தினாய். புருவம் திருத்த வந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். கடைசியில் நின்றது ஒல்லியான ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு மலாய்ப் பேப்பர், படமே அதிகம் இல்லாத ஒரு மாத இதழ்.

அவை மூன்றும் இன்றைக்கும் நம் கடைக்கு வருகின்றன. “எல்லாம் போன்ல இருக்குலா, இந்திரா, டிவி ஒன்னு மாட்டு” என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். மாட்டமாட்டேன். வாட்சப்பில் வந்த வதந்தியை யாராவது வாசித்தால், “யார் சொன்னது?” என்று நான் கேட்கிற குரல் உன் குரலாகவே இருக்கிறதாம். சிலர் அதற்காகவே வேறு சலூனுக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

செவ்வாய்க்கிழமை முனியாண்டி அண்ணன் செல்வத்தை அனுப்பினார். அவனைக் கண்டால் நான் மறுக்கமாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். செல்வம் இப்போது கோப்பெங்கில் ஒரு செடிக் கடையில் வேலை பார்க்கிறான். நகத்தில் மண்ணோடு வந்தான். நாற்காலியில் ஏறி உன் படத்தைக் கழற்றி, சட்டையால் துடைத்தான். உன் தம்பி கேட்டால் நான் என்ன சொல்வது? அவனோ படத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

“அண்ணே, படம் தாரேன். அதுக்கு முன்னாடி அவங்கள ஒன்னு போடச் சொல்லு. செல்வம் தப்பிச்சு ஓடல, பஸ் ஏறி அக்காவப் பாக்கப் போனான்னு. அதப் போட்டாங்கன்னா அக்காவ அதுலயே போடலாம்.”

முனியாண்டி அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இத்தன வருசமா நீ ஒன்னுமே சொல்லலயேடா.”

“அக்காவத் தவிர யாரும் கேக்கலண்ணே.”

செல்வம் படத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அவன் போன பிறகு அடக்கமுடியாமல் அழுதேன். மறுநாள் முனியாண்டி அண்ணனே வந்தார். விளம்பரத்துக்கு எழுதி வைத்திருந்ததை என்னிடம் நீட்டினார்.

“உன் ஒல்லிப் பேப்பர்லயே குடுத்துடும்மா. ஏதாச்சும் தப்பாப் போட்டா, திருத்திப் போடுவாங்களா?”

“போடுவாங்கண்ணே. அதனாலதான் அக்கா வாங்குனா.”

அக்கா, அடுத்த வாரம் நீ சிரித்துக்கொண்டு நம் பேப்பரில் வருவாய். கலர் கிடையாது, சின்னதாகத்தான். செல்வத்தின் பேரைத் தம்பி என்று முதல் வரியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நீ போன தேதியையோ அவன் பேரையோ அவர்கள் தப்பாகப் போட்டால் அன்றைக்கே போன் செய்வேன். மறுநாள் திருத்தம் வரவில்லையென்றால், உன் முகம் வந்த பேப்பராயிற்றே என்றுகூடப் பார்க்கமாட்டேன், அதற்கும் நம் கடையில் இடம் கிடையாது.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
இந்திரா
ஈப்போ