மீன் வண்டிக்கு மாற்று இஞ்சின்

அன்புள்ள மாப்பிள்ளை சவரிமுத்துக்கு,

ஊர் முன்னால் "வாங்க மாப்பிள்ளை", ஆள் இல்லாத இடத்தில் "ஏலே சவரி". அப்படித்தானே உன்னைக் கூப்பிட்டுப் பழக்கம்? என் தங்கச்சியைக் கட்டிய பிறகும் நான் இரண்டையும் விடவில்லை. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். உன் காதில் ஏலே என்று விழட்டும்.

நீ முதலில் கேட்கப்போவது வண்டியைத்தான். ஓடுகிறது. ஆனால் அதில் இருப்பது உன் இஞ்சின் இல்லை. பதறாதே, முதலில் இருந்து சொல்கிறேன்.

நீ போன பிறகு மீன் வியாபாரத்தை நம் தங்கச்சி சகாயமே எடுத்துக்கொண்டாள். விடியும் முன்னே திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்க் கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் பின்சீட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கி, குஜிலியம்பாறையைச் சுற்றி நீ போன அதே ஊர்களுக்குப் போகிறாள். அதே பாம் பாம் ஹாரன். ஹாரன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உன் சத்தம் கேட்டால் பொம்பளைகளுக்கு முன்னால் பூனைகள் வந்து நிற்குமே, அவை இப்போது சகாயத்துக்கும் வருகின்றனவாம். அதில் ஒரு வெள்ளைப் பூனை, வண்டிக்குப் பின்பக்கம் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருமாம். அது யாரைத் தேடுகிறது, மாப்பிள்ளை?

சரி, இஞ்சினுக்கு வருகிறேன். ஆடி மாதம், பாளையம் ரோட்டில் நல்ல வெயிலில் கடக் என்று ஒரு சத்தம். வண்டி இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. ஐஸ் உருகுகிறது. பக்கத்து வீடுகளில் மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, காலிப் பெட்டியோடு வண்டியை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் போய்விட்டது, இதைச் சரிசெய்வதற்குப் பதில் இரும்புக் கடையில் போடலாம் என்றார்.

அந்த வாரமே அவள் போகிற ஊர்களுக்கு மைக் கட்டிய லோடு ஆட்டோ ஒன்று மீனோடு வர ஆரம்பித்தது. நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் வேறு வாசலில் வந்து பேசிவிட்டுப் போனார். சகாயம் என்னிடம் நிதானமாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு வண்டி ஓடலேன்னா, திங்கக்கிழமை நான் மில் வண்டியில ஏறிருவேன். அழுதுக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல."

மில் வேலை குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தவன்.

நேரே திண்டுக்கல்லில் நம் காதர் பாயிடம் போனேன். பழைய வண்டி சாமான் விற்கிறவருக்கு நீ கட்லாத் தலையை எடுத்து வைத்துக் கொடுப்பாயே, அதை அவர் மறக்கவில்லை. பின்பக்கம் அடிபட்ட ஒரு வண்டியில் இருந்து நல்ல இஞ்சினாக எடுத்தார். ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கழற்றினார். சனிக்கிழமை வீட்டுக்கே வந்து மாட்டித் தருகிறேன் என்றார்.

சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். இஞ்சின் என்றேன். "எங்க பஸ்ஸுக்கா? அதுக்குத்தான்யா மொதல்ல வேணும்" என்று சொல்லிவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டையும் விடாமல் கிழித்தார். இறங்கும்போது என் வேட்டியெல்லாம் ஆயில்.

சனிக்கிழமை வண்டியை வேப்பங்கிளையில் கிணற்றுக் கயிற்றால் கட்டி நிறுத்திவிட்டு உன் இஞ்சினைக் கழற்றினோம். நம் ஊர் ஆடிக் காற்று உனக்குத் தெரியாதா? மண்ணை வாரி இறைத்தது. இஞ்சின் ஓட்டைகளில் மண் போனால் எல்லாம் வீண், பழந்துணி வேண்டும் என்றார் காதர் பாய்.

சகாயம் உள்ளே போய் உன் நீலக்கட்டம் போட்ட லுங்கியை எடுத்து வந்தாள். பெட்டியில் மடித்து வைத்திருந்தாளே, அதேதான். சர்ரென்று இரண்டு துண்டு கிழித்து நீட்டினாள். அதைப் போயா என்றேன் நான். அவளோ, அவர் வண்டிக்கு அவர் துணி என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

புது இஞ்சினில் சைலன்சர் மாட்டுகிற ஓட்டையில் ஒன்று, பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற வாயில் ஒன்று என்று திணித்தோம். புது இஞ்சினைத் தூக்கி வைத்து, போல்ட்டைப் பூட்டி, செயினை மாட்டி, ஒயரைச் சேர்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கிக்கரை மிதித்தால் சத்தமே இல்லை. காதர் பாய் மிதித்தார், நான் மிதித்தேன், தெருவில் போனவரெல்லாம் மிதித்தார்கள். பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி வருகிறது, இஞ்சின் மட்டும் மூச்சு விடவில்லை. அடிபட்ட வண்டி இஞ்சினைக் கொண்டுவந்தால் எப்படி ஓடும் என்று ஒருவர். எலுமிச்சம்பழம் நசுக்கச் சொல்லி ஒருவர். அவசரத்தில் நானும் வாயை விட்டுவிட்டேன்.

"பாய், பார்த்துத்தான் எடுத்தீகளா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டார்.

சகாயம் எங்களைக் கவனிக்கவே இல்லை. மில் வேன்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று முனகிக்கொண்டே சாமான்களை ஒதுக்கினாள். அழுக்குத் துணியைத் துவைத்துத் திரும்பப் பெட்டியில் வைப்பதற்காகத் தேடினாள். உன் லுங்கி ஆயிற்றே, தூக்கிப் போடுவாளா?

"அண்ணே, ஒரு துண்டுதான் கெடக்கு. இன்னொண்ணு எங்க?"

காதர் பாயும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவர் மளமளவென்று அந்த வாயின் மேல் மாட்டியிருந்த கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு இழுக்க இழுக்க வந்தது, உன் நீலக்கட்டம்.

"அல்லாவே, சவரி லுங்கியையே வாயில திணிச்சு வச்சிருக்கோம்" என்று தலையில் கை வைத்தார் பாய்.

சகாயம் சிரித்தாள், மாப்பிள்ளை. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "உயிரோட இருக்கையிலயும் கெளம்புற நேரத்துல எதையாச்சும் மறிச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு" என்றாள். பிறகு அவளே வந்து மிதித்தாள். முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது. காதர் பாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கட்லாத் தலையோடு கணக்குத் தீர்ந்தது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். "இஞ்சின்தான் வேற. மீன் அதேதான்" என்றாளாம். மதியத்துக்குள் பெட்டி காலி. லோடு ஆட்டோ இன்னும் வருகிறது. வரட்டும். அதற்குப் பூனைகள் வருவதில்லையாம்.

இந்த இஞ்சினை முன்னால் ஓட்டியவர் யாரோ, எங்கெல்லாம் போனாரோ. ஒருவேளை அவரும் உன் பக்கம் வந்திருந்தால் விசாரித்து வை. உன் பழைய இஞ்சினை நான் விற்கவில்லை. வேம்படியில் கிடக்கிறது, அதன் மேல் கோழி ஏறி உட்காருகிறது.

இந்த இஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்கில் ஏற்றி, வண்டியைச் சகாயம் பேருக்கு மாற்றித் தருவேன். ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்வேன். இனி எத்தனை தடவை இஞ்சினைத் திறந்தாலும் உன் லுங்கித் துண்டு இரண்டும் என் கைக்கு வந்த பிறகுதான் மூடுவேன். இது சத்தியம், ஏலே.

ஊருக்கு உன் மச்சான்,
உனக்கு என்றைக்கும் கூட்டாளி,
அந்தோணி