விமானத்துக்கு நான் தைத்த பெல்ட்

அக்கா,

உன் பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை நேற்றுதான் இறக்கினேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் சாவி கேட்கிறார், இனியும் தள்ளிப்போட முடியாது. பூட்டு உடைந்த அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு கறுப்புத் தோல் பட்டையைப் போட்டுக் கட்டியிருந்தாய். தொட்டதுமே கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் தைத்த பட்டை. அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன். எதையும் வீணாக்காத ஆள் நீ, இதையும் விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் உடம்பைப் பற்றி உனக்கு வெட்கம் இருந்ததே இல்லை. எனக்குத்தான் இருந்தது. வேலூர் பஸ்ஸில் ஏறியதும், "கொஞ்சம் நவுரும்மா, நான் ஒரு ஆளு இல்ல, ரெண்டு ஆளு" என்று சத்தமாகச் சொல்லி உட்காருவாய். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உன்னை 'பெரிய சிஸ்டர்' என்பார்கள். "பின்ன, சின்ன சிஸ்டர்னா கூப்புடுவாங்க?" என்று அதையும் பெருமையாக என்னிடம் வந்து சொன்னவள் நீ.

தம்பிக்கு டெல்லியில் குழந்தை பிறந்தபோதுதான் அந்த விமானப் பயணம் வந்தது. மலிவு டிக்கெட் விமானங்கள் புதிதாகக் கிளம்பியிருந்த காலம். "ரெண்டு பேரும் பறந்து வாங்க" என்று அவனே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. அவன் பிள்ளையைப் பார்க்க உன் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போது நான் ஆம்பூர் தோல் கம்பெனியில் கைப்பை சாம்பிள் பிரிவுக்கு சூப்பர்வைசர். கண்காட்சிகளுக்கு அடிக்கடி டெல்லி போய்வருகிற ஆபீஸ்காரர் ஒருவர், "உங்க அக்காவுக்கு சீட்டு பெல்ட் எட்டாதும்மா. ஏறும்போதே கேட்டா எக்ஸ்ட்ரா பெல்ட் குடுப்பாங்க" என்றார். வந்து உன்னிடம் சொன்னேன்.

"அவ்ளோதானே? வாசல்ல நிக்கிற பொண்ணுகிட்ட கேட்டா முடிஞ்சது" என்றாய்.

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாத்தா இன்னாடி? கை பெருசா இருக்கறவங்களுக்கு வார்டுல பெரிய பி.பி. பட்டை எடுத்துனு வந்து சுத்தறோம். அவங்க இன்னா வெக்கப்பட்டா செத்துப் போறாங்க?"

எனக்கு அது ஏறவில்லை. ஆம்பூர்க்காரிக்கு எது எட்டாவிட்டாலும் தோலை வெட்டி ஒட்டத்தானே தோன்றும். ஆபீஸ்காரரிடம் விமான பெல்ட்டின் கொக்கி எப்படி இருக்கும் என்று விசாரித்து, நல்ல கறுப்புத் தோலாகப் பார்த்து எடுத்து, ஓரத்தைச் சீவி மடித்து, இரட்டைத் தையல் போட்டேன். இரண்டு முனையிலும் கைப்பைக்கு மாட்டுகிற பித்தளைக் கொக்கி. "உனக்காகத்தான்க்கா, உனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு" என்று நீட்டினேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். "சரி, ஆசையா பண்ணிக்கீற" என்று வாங்கி வைத்துக்கொண்டாய்.

யாருக்குக் கூச்சம் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

விமானத்தின் வாசலில் அந்தப் பெண் கும்பிட்டு நின்றாள். நீ வாயைத் திறக்கப் போனாய். நான் பின்னாலிருந்து உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்து பெல்ட்டுக்கும் நடுவே என் பட்டையை மாட்டி, மேலே உன் முந்தானையை இழுத்து மூடினேன். மூடியதுதான் தப்பாகிவிட்டது. பெல்ட் பார்த்துக்கொண்டே வந்த பணிப்பெண் முந்தானையை விலக்கச் சொன்னாள். விலக்கியதும் அவள் முகம் மாறியது. "இது என்ன? இதெல்லாம் போடக் கூடாது மேடம். யார் செய்தது?" என்று இங்கிலீஷில் கேட்டாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

நான் முன்னால் செருகியிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

"நான்தாம்மா பண்ணேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றாய் நீ.

அவள் என் பட்டையைக் கழற்றி உன் மடியில் போட்டுவிட்டு, பின்பக்கம் பார்த்து எக்ஸ்ட்ரா பெல்ட் வேண்டும் என்று கத்தினாள். இன்னொருத்தி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு வழியில் நடந்து வந்தாள். யாரோ சிரித்தார்கள். பஸ்ஸில் கேட்கிற சிரிப்பு இல்லை அது. வாசலிலேயே நீ கேட்டிருந்தால் கையோடு கொடுத்து முடித்திருப்பார்கள்.

டெல்லி போய்ச் சேரும்வரை நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் உன் முகம் தெளிந்தது. திரும்பும்போது, "ரயில்ல போலாம்டி, பேஜார் இல்லாம" என்றாய். நான் உடனே சரி என்றேன். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது, அக்கா. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் 'ரெண்டு ஆளு' என்கிற வார்த்தையை நீ சொல்லவேயில்லை. கல்யாண மண்டபத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலியைத் தேட ஆரம்பித்தாய். என் வெட்கத்தை உனக்கு ஒட்டவைத்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, தம்பிக்குக் காமாலை முற்றி ஐ.சி.யு.வில் சேர்த்திருப்பதாக அவன் மனைவி போன் செய்தாள். காலையில் விமானம் இருக்கிறது என்றேன். "நீ போ. நான் காட்பாடியில ரயில் ஏறி வந்துடறேன்" என்றாய். நர்ஸ் நீ. காமாலை எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த சீட்டில் போய் உட்கார உன்னால் முடியவில்லை. 'வாக்கா, வாசல்ல நான் கேக்கறேன்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் வந்திருப்பாய். சொல்லவில்லை. தனியாகப் பறந்தேன்.

உன் ரயில் நாக்பூர் தாண்டியிருந்த நேரத்தில் அவன் போய்விட்டான்.

டெல்லி ஸ்டேஷனில் பெட்டியிலிருந்து நீ இறங்கும்போதே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்று ஒன்றுதான் கேட்டாய்: "என்னைக் கேட்டானாடி?"

"இல்லக்கா. மயக்கத்துலயே இருந்தான். யாரையும் கேக்கல" என்றேன்.

உனக்குத் தாங்காது என்றுதான் அப்படிச் சொன்னதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டான் என்று சொன்னால் அடுத்து நீ என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தாங்காது. நீ தலையை ஆட்டினாய். "நல்லது. தேடாம போயிருக்கான்" என்றாய். அதோடு அவன் பேச்சை எடுப்பதையே குறைத்துக்கொண்டாய். தூக்கி வளர்த்த பிள்ளை கடைசியில் உன்னை நினைக்கவில்லை என்று நம்பிக்கொண்டே கல்லறைக்குப் போனாய்.

அவன் நினைவோடுதான் இருந்தான், அக்கா. கதவு திறக்கும் போதெல்லாம் தலையைத் திருப்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியக்கா வந்துட்டாளா? உன்கூடத்தானே கெளம்பினா?" என்று கேட்டான். "பின்னாலயே வர்றா" என்றேன். சரி என்று கண்ணை மூடுவான். கொஞ்ச நேரத்தில் திறந்து மறுபடியும் அதையே கேட்பான்.

கேட்டுக்கொண்டேதான் போனான்.