யார் யாருக்கு நெஞ்செரிச்சல்

கும்மிடிப்பூண்டி
4.3.2024

பூமிகா கண்ணுக்கு,

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: என் மகன் சந்திரமோகன், மருமகள் திலகவதி, அவள் அப்பா ஜெயராஜ், மகள் வயிற்றுப் பேத்தி நீ. ஒருத்தர் பேரும் மறக்கவில்லை. போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நர்ஸ் படிப்புக்கு என்று காகிதத்தை எடுத்து, வாரத்தில் எத்தனை நாள் நெஞ்செரிச்சல் என்று கேட்டாய். என் மடவைமீன் குழம்பு தட்டில் இருக்கும்போதே கேட்டாய். சம்பந்தி, "ஏழு நாளு போட்டுக்கோ, எட்டு இருந்தா எட்டு போடு" என்றார். திலகவதி மூணு நாள் என்றாள். என் கையால் தின்றுகொண்டே சொன்ன சொல். சாகும்வரை மறக்கமாட்டேன். என் மகன் ஒருத்தன்தான், "எங்கம்மா கொழம்பு எனுக்கு இன்னா எரியப்போவுது? இல்லேன்னு எழுதிக்கோ" என்றான்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு.

உன் ஆயா

திருநின்றவூர்
11.3.2024

அன்புள்ள ஆயாவுக்கு,

கோபப்படாதே. நாற்பது பேரைக் கேட்டேன். பதினாலு பேருக்கு நெஞ்சு எரிகிறது. அதில் ஐந்து பேர், புளிப்பு தொண்டைவரை ஏறி, தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறவர்கள். அத்தனை பேருமா உன் குழம்பைச் சாப்பிட்டார்கள்?

மாமா பொய் சொன்னார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குகிறார். கை கழுவும்போது கேட்டேன். "சோறு நெஞ்சுலயே நின்னுக்கினு எறங்க மாட்டேங்குது. ஆயாகிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடும்" என்றார்.

அடைப்பது வெறும் எரிச்சல் இல்லை ஆயா. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறார், கம்பெனியில் லீவு இல்லை என்கிறார். நீ சொன்னால் போவார்.

பூமிகா

கும்மிடிப்பூண்டி
14.10.2024

பூமிகாவுக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். குழம்பைக் குறை சொல்ல மாமனையும் சேர்த்துக்கொண்டாய் என்று ஆத்திரம். அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். ஏழு மாசம் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கேன்சர். முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது கஞ்சியே மூக்குக் குழாயில்தான் போகிறது. நேற்று மடவை வாங்கிக் குழம்பு வைக்கச் சொன்னான். சட்டியைப் பக்கத்தில் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "கொழம்புல ஒரு கொறையும் இல்லம்மா" என்றான்.

திலகவதி மேல் இருந்த கோபம் போய்விட்டது. சம்பந்தி மேலும், உன் மேலும். அன்றைக்கு இருந்தவர்கள் பேரை எழுதியபோது ஒருத்தியை விட்டுவிட்டேன். கரண்டியோடு பக்கத்தில் நின்றவள். அவளை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

கன்னியம்மா