நாகலாபுரத்துக்குப் போட்ட கார்டு

8-7-1998, புதன்

புதன்தோறும் மூன்று மணிக்கு மாணவர்களின் மனக்குறை கேட்கும் வேலையை கல்லூரி முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார். வேதியியல் நடத்துகிறவனுக்கு இது எதற்கு? "ராஜமணி, நீங்க கோவக்காரரு. உங்கட்டன்னா பயலுவ பொய் சொல்லமாட்டானுவ" என்கிறார். எனக்குத் தெரிந்த ஆலோசனை 'ஒழுங்காகப் படி' ஒன்றுதான்.

15-7, புதன்

மாயகிருஷ்ணன் வந்தான். இரண்டாம் ஆண்டு. நாகலாபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பம். அரை மணி நேரம் மார்க்கைப் பற்றியே பேசினான். அப்புறம், "எங்கய்யா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்காரு சார். பல்லு ரெண்டு போயிட்டு. இன்னொரு தடவ கைய வச்சா வெட்டிருவேன். அருவா வாங்கி வச்சிருக்கேன்" என்றான்.

வாய்ச்சவடால் இல்லை. இவன் செய்வான்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

16-7

நாள் முழுக்க அதே நினைப்பு. பையன் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குக் கார்டு போடுவது இங்கே வழக்கம். அவன் அப்பா குருசாமிக்கு ஒரு கார்டு போட்டேன். 'மனைவியை அடிப்பதை நிறுத்தவும். உங்கள் மகன் கொலை செய்யும் நிலையில் இருக்கிறான்.' போட்ட பிறகுதான் நிம்மதி.

22-7, புதன்

மாயகிருஷ்ணன் வரவில்லை.

23-7

நான் ஒரு முழு மடையன். குருசாமிக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் டீக்கடை முன்னால் நின்று சத்தமாக வாசித்திருக்கிறார். அந்த ஊரில் கார்டு வந்தால் அப்படித்தானாம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அந்த ஆள் நேரே வீட்டுக்குப் போய் மனைவி பாலம்மாளின் கையைக் கம்பால் அடித்து முறித்துவிட்டான்.

இதைச் சொன்ன கையோடு மாயகிருஷ்ணன் என் மூக்கில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். "உங்கட்ட மட்டுந்தான சார் சொன்னேன்" என்றான். பையை எடுத்துக்கொண்டு ஓடினான். அருவாளின் பிடி வெளியே தெரிந்தது. பேருந்து நிலையம் வரை துரத்திப் போய் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

மீதியை இன்று எழுத முடியாது.

24-7

நேற்று நாங்கள் போனபோது குருசாமி வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "கார்டு போட்ட வாத்தியாரா? ஒம்ம கடுதாசிக்குப் பதிலு உள்ள கெடக்கு. பாத்துட்டுப் போரும்" என்றான். உள்ளே அந்த அம்மா மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு சுருண்டு கிடந்தது.

அவ்வளவுதான். கீழ தள்ளி நெஞ்சுல ஏறி உக்காந்து மூஞ்சியிலேயே அடிச்சேன். எத்தனை அடி, தெரியாது. என்னமோ கத்திக்கிட்டே அடிச்சேன். பல் குத்தி என் கை கிழிஞ்சது கூடத் தெரியல. நிறுத்தணும்னு தோணவே இல்ல.

மாயகிருஷ்ணன்தான் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டி இழுத்தான். "விடுங்க சார், செத்துருவாரு. எங்கய்யா சார்."

கொலையைத் தடுக்கப் போனவன் நான்.

27-7

குருசாமி போலீசுக்குப் போகவில்லை. அடி வாங்கியதை எப்படிச் சொல்வது என்ற வெட்கம். முதல்வர் என் கைக்கட்டைப் பார்த்தார், விசாரித்தார். புதன்கிழமை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நியாயந்தான்.

29-7, புதன்

மூன்று மணிக்கு ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். மாயகிருஷ்ணன் தேடிக்கொண்டு வந்தான். அம்மாவைக் கடம்பூரில் மாமா வீட்டில் விட்டுவிட்டானாம். அருவாள் மாமாவிடம் இருக்கிறதாம்.

போவான் என்று பார்த்தேன். போகவில்லை.

"அன்னைக்கு அடிக்கையில, 'எங்கம்மாவ விடு'ன்னு கத்துனீங்க சார்."

கழுவி வைத்த குடுவையையே திரும்பக் கழுவினேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். "ஒங்கம்மா இருக்காவளா சார்?"

இல்லை என்றேன். எப்படிச் செத்தாள் என்பதையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது.