பிரேமளாவின் பழுப்புப் பொடி

7 ஜூலை 2025, திங்கள்

இன்றும் பிரேமளாதான் ஹீரோயின். எங்களுக்கு ஒரே ஆய்வுக்கூடம், ஒரே காட்டுப் பழம். லாயாங் லாயாங் ஊரின் ரயில் பாதை ஓரப் புதர்களில் கெமுந்திங் பழத்தை ஒன்றாகத்தான் பறித்தோம். அதைக் கொதிக்க வைத்து, ஆல்கஹால் ஊற்றிப் பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளைப் பிரித்து, காயவைத்துப் பொடியாக்குகிறோம். பொடியில் ஆண்டிஆக்சிடண்ட் சக்தி இருந்தால் சோதனைக்கான ஊதாக் கரைசல் மஞ்சளாகும். அவள் பொடிக்கு மாறியது. என் பொடிக்கு அசைந்தே கொடுக்கவில்லை.

"பிரமாதம்லா, பிரேமளா!" என்றார் எங்கள் ஆய்வு வழிகாட்டி டாக்டர் ராஜசேகரன். என்னிடம், "நீங்க இன்னொரு தடவ செஞ்சு பாருங்க, ரூபினி."

வயிறு எரிகிறது. ஜப்பானில் ஆறு மாதம் ஆய்வு செய்ய ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

9 ஜூலை

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழுப்பு! பழச் சாயத்தை எடுக்காமலே சோதித்திருக்கிறாள். கரைசலை மஞ்சளாக்கியது வெறும் சாயம். என் பொடியோ மாவு மாதிரி வெள்ளை.

அவளிடம் தனியாகச் சொல்லலாமா? ஏன் சொல்ல வேண்டும்? வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருக்கிறதே — எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

10 ஜூலை

பிரேமளா எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோறு வாங்கி வந்தாள். சாப்பிட்டேன். மனம் மாறவில்லை.

11 ஜூலை, வெள்ளி

கூட்டத்தில் கேட்டுவிட்டேன். "சாயத்த எடுக்காம ரிசல்ட் காட்டினா எப்படி?"

பிரேமளா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "ஆல்கஹால்ல கழுவிக்கிட்டே இருந்தேன், ரூபி. கடைசில ஆல்கஹால் தெளிவா வருது, பொடி கலர் மட்டும் போகல. சாயம் அதோடயே ஒட்டிக்கிட்டு இருக்கு போல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுல வெளுத்தீங்க?"

"பெராக்சைடு."

"அலமாக்! சாயத்தோட சக்தியையும் சேர்த்து வெளுத்துட்டீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஏன்டி உனக்கு இந்தப் புத்தி?

1 ஆகஸ்ட்

ஜப்பான் அவளுக்கு. நல்லா இருக்கட்டும்னு சொல்ல வாய் வரல.

22 செப்டம்பர்

ஜப்பானிலிருந்து பிரேமளா போனில் கூப்பிட்டாள். "சாயம் ஒட்டியிருக்கறதாலதான் வேலை செய்யுதுன்னு காட்டணும்னா, ஒப்பிட்டுப் பாக்க சாயமே இல்லாத பொடியும் பக்கத்துல வேணும். உன்கிட்டதான் இருக்கு. அனுப்புறியாடி? கட்டுரைல உன் பேரும் வரும்."

"சரி" என்றேன்.

இன்று பொட்டலம் கட்டினேன். என் பொடி ஜப்பான் போகிறது, நான் போகவில்லை. அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதினேன். அவள் பெயரைவிடப் பெரிதாக.