போன் மேல் வைத்த எல் போர்டு

என் செல்லத் தம்பி சாதிக், உக்காந்த இடத்துலயே ஊர் ஊரா கார் ஓட்டின தாம்பரத்து மகராசனே,

நீ போய் மூணு மாசம் ஆச்சு. இப்பத்தான் அக்காவுக்கு எழுத நேரம் கிடைச்சுதான்னு கேப்பே. ஆமாண்டா, இப்பத்தான் கிடைச்சுது. காலையில ஆறு மணிக்கெல்லாம் கேம்ப் ரோட்டுல முதல் கிளாஸ். கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாத ஜென்மங்களை மேடவாக்கம் வரைக்கும் ஓட்டவிட்டு, தண்ணி லாரிக்காரன்கிட்ட வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கி, வீடு வந்து சேர்றதுக்குள்ள உசிரு போயிடுது. உன்னை மாதிரி நாவலூர் ஆபீஸ் வேன்ல வாயைப் பொளந்து தூங்கிக்கிட்டே போயிட்டு வர்ற உத்தியோகமா என்னோடது?

இதை ஊரே படிக்கும். சேலையூர்ல பிரௌசிங் சென்டர் வெச்சிருக்கானே உன் கூட்டாளி கோபி, அவன் தன்னோட வலைப்பூவுல போடறேன்னான். போடட்டும். முக்கியமா நம்ம குன்றத்தூர் மாமா படிக்கணும். உன் மய்யத்து வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு சொன்னாரு: "எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா உடம்பு எப்படிம்மா தாங்கும்?" ஒன்பது நாள் காய்ச்சல், டாக்டருங்களுக்கே பிடிபடல. தோல் மண்டி வெச்சிருக்கிற மாமாவுக்குப் பிடிபட்டுடுச்சு. எப்பேர்ப்பட்ட மூளை!

ஆனா அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? உன்னை நான் பேசாத பேச்சா?

படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்றேன், நீ காதைப் பொத்திக்க. என் தம்பி கார் ரேஸ் ஓட்டுவான். கம்ப்யூட்டர்லதான். என் வீட்டுக்காரர் துபாய்ல இருந்து வரப்போ அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங் வாங்கிட்டு வந்தாரு. மச்சான் குடுத்த அந்த ஸ்டியரிங்கை நம்மாளு இஸ்திரி போடற மேசையில முடுக்கி வெச்சான். கீழ ரெண்டு பெடல். மொசைக் தரையில அது வழுக்கிக்கிட்டே போவுதுன்னு பின்னாடி அரிசி மூட்டையை முட்டுக் குடுத்தான். சோறு பொங்க அரிசி எடுக்கணும்னா ரேஸ் முடியற வரைக்கும் நான் காத்துக்கிட்டு நிக்கணும். இதெல்லாம் ஒரு பொழப்பு!

பொழப்புன்னா நிஜமாவே பொழப்பு மாதிரிதான் செஞ்சான். ஆஸ்திரேலியாக்காரங்க யாரோ நடத்தற லீக். ரெண்டு டிவிஷன், வருஷம் முழுக்க போட்டி, புள்ளிப் பட்டியல், விதிமுறை, புகார் வந்தா விசாரிக்க மூணு பேர். அவங்களுக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்ச நேரம், நமக்கு ஞாயித்துக்கிழமை பிரியாணி முடிஞ்ச நேரம். வெள்ளைக்காரனுங்க இருபது பேருக்கு நடுவுல ஒரே ஒரு தாம்பரம். கார் கதவு மேல ஊர் பேரையே எழுதி வெச்சிருந்தே. அதை அவனுங்க வாயில நுழையாம தம்பரம் தாம்பிராம்னு கொதறி எடுப்பானுங்க.

அதே நீதான் நிஜக் கார்ல ஏறினா மூணு தரம் வண்டியை ஆஃப் பண்ணினே. ஞாபகம் இருக்கா? நம்ம அத்தா ஆரம்பிச்ச டிரைவிங் ஸ்கூல், ஓனரம்மாவோட தம்பி, கிளட்சை விடத் தெரியல. உன் பொம்மை ஸ்டியரிங்குக்குக் கிளட்சே கிடையாதாம். பின் சீட்டுல ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க உக்காந்திருக்காங்கன்னுகூடப் பார்க்காம, "சாம்பியன் சார், இறங்கித் தள்ளுங்க"ன்னேன். நீயும் சிரிச்சுக்கிட்டே இறங்கினே. அதுக்கப்புறம் லைசென்ஸ் பேச்சையே எடுக்கல.

எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்தது எது தெரியுமா? ஒவ்வொரு ரேஸுலயும் நீ கடைசி வரிசையில போய் நின்னது. யாரும் நிக்கச் சொல்லல. நீயா எழுதிக் கேட்டு வாங்கின இடம். முதல் ரெண்டு வளைவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு எல்லாரையும் முன்னாடி போகவிடுவே. "வழி விடறதுக்குன்னா ஜி.எஸ்.டி. ரோட்டுல போய் நில்லுடா, புண்ணியமாவது கிடைக்கும்"னேன்.

"அப்படி இல்லக்கா"ன்னே. "நம்ம நெட் லைன் தூரத்துல இருந்து வருது. என் கார் இங்க இருக்கறப்போ அவங்களுக்கு இன்னும் பின்னாடி இருக்கற மாதிரி தெரியும். கூட்டத்துல என் பக்கத்துல வரவே பயப்படுவாங்க. நான் தள்ளி நின்னு ஓட்டினா, போகப் போக என் மேல நம்பிக்கை வந்துடும்."

"வந்து?"

"மேல் டிவிஷனுக்கு எடுப்பாங்க. புள்ளி மட்டும் பத்தாதுக்கா. யாரையும் இடிக்காதவன்னு பேர் வேணும்."

த்தூ, இதுக்கு ஒரு பேரான்னு நினைச்சேன். பதினோரு வருஷமா தாம்பரம் ரோட்டுல ஒரு கீறல் விழாம வண்டி ஓட்டறேன், எனக்கு எவன் பேர் குடுத்தான்?

அப்புறம் அந்த எல் போர்டு. நெட்டும் போனும் ஒரே லைன். ஹால்ல ரிசீவரைத் தூக்கினா உள்ள உன் லைன் தடுமாறும். அதனால ஞாயித்துக்கிழமை மூணு மணி ஆனா நம்ம ஸ்கூல் வண்டியோட எல் போர்டு ஒண்ணைக் கொண்டாந்து போன் மேல சாத்தி வெப்பே. போர்டு இருக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வேலைக்காரம்மாவுக்குக்கூட தெரியும். நான் தலையில அடிச்சுக்குவேன், ஆனா தொட மாட்டேன்.

அந்த ஒரு ஞாயித்துக்கிழமை தவிர.

காலையிலயே சொன்னே, இன்னிக்குத்தான் சீசன்ல கடைசி ரேஸ், ஒழுங்கா முடிச்சா மேல் டிவிஷன்னு. வருஷம் பூரா ஒரு வண்டியையும் இடிக்காதவன் நீ ஒருத்தன்தான்னும் சொன்னே. நான் உம் கொட்டினேன். எனக்கு அன்னிக்கு வேற கவலை. மாமா உனக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன்னவரு மூணரைக்கே பொண்ணோட அத்தாவைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னாரு. நேரம் காலம் தெரியாத மனுஷன்.

உன்னைக் கூப்பிட்டேன். "அஞ்சு ரவுண்டுக்கா, அஞ்சே ரவுண்டு"ன்னே. ரூம்ல இருந்து இன்ஜின் சத்தம் வருது. பொண்ணோட அத்தா "பையன் உள்ள என்ன பண்றாப்ல?"ன்னு கேட்டாரு. மாமா சிரிச்சாரு. "மாப்பிள்ளை பொம்மை கார் ஓட்டிட்டு இருக்காரு, பெட்ரோல் தீர்ந்ததும் வருவாரு"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி எரிஞ்சுது.

அவங்க போனப்புறம் உன்கிட்ட நான் என்ன சொன்னேன்? திங்கக்கிழமை டெஸ்டுக்குப் போற ஸ்டூடண்டுக்குச் சொல்லணும்னு ஞாபகம் வந்து, மறந்துபோய் போனை எடுத்துட்டேன்னு. நீயும் "பரவால்லக்கா"ன்னே.

பொய்டா. எந்த ஸ்டூடண்டும் இல்ல. எழுந்து போய், எல் போர்டை எடுத்து சோபாவுல கவுத்துப் போட்டுட்டு, தெரிஞ்சேதான் தூக்கினேன். காதுல வெச்சுக்கிட்டு யார்கிட்டயோ பேசற மாதிரி "ஹலோ, ஹலோ"ன்னு நடிச்சேன் வேற. உள்ள இன்ஜின் சத்தம் நின்னுது. எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு. இதை நான் ஒளிக்க விரும்பல.

நீ சட்டையை மாத்திக்கிட்டு வந்து ஸலாம் சொல்லி உக்காந்தே. சமோசா தட்டை நீட்டினே. சோபாவுல கிடந்த போர்டை எடுத்து ஓரமா வெச்சுட்டு அந்த இடத்துல மாமாவை வசதியா உக்காரச் சொன்னே. அவ்வளவுதான். அந்தச் சம்பந்தமும் கூடல, அவங்களுக்கு மாப்பிள்ளை கவர்மென்ட் உத்தியோகத்துல வேணுமாம். இதுக்காகவா!

நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சதும் கோபியை வரச்சொல்லி உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதுல பதிவாகியிருந்த ரேஸை ஓட்டி, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவன்தான் காமிச்சான். நான் ரிசீவரைத் தூக்கின நேரத்துல நீ நாலாவது இடத்துல இருக்கே, கடைசி வரிசையில இருந்து கிளம்பினவன். ரெண்டு செகண்டு உன் கார் காணாமப் போகுது. திரும்ப வரப்போ முன்னாடி போறவன் மேலயே வந்து விழுது. அவன் சுவத்துல, நீ சுவத்துல, பின்னாடி வந்தவன் உங்க ரெண்டு பேர் மேலயும். அவன்தான் அந்த வருஷம் ஜெயிக்க வேண்டியவனாம்.

உனக்கு ஒரு வருஷம் தடை. தடை செய்யப்பட்டவங்க பட்டியல்ல உன் பேர். என்கிட்ட மூச்சு விடலையேடா, பாவி.

விசாரணைக்கு நீ எழுதின பதிலைக் கோபி தமிழ்ல சொன்னான். "ரேஸ் நடுவுல போனை எடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் எடுத்தேன். எங்க வீட்டுல இருக்கிறவங்க அந்த நேரத்துல போனைத் தொடவே மாட்டாங்க, என் ரேஸுக்கு அவ்வளவு மரியாதை குடுப்பாங்க."

கோபி அந்த வரியைப் படிச்சுட்டு என் மூஞ்சியைப் பார்க்கல. நான் அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போய், வெக்காத பாலுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்.

உன் பதிலுக்குக் கீழ நாலு பக்கத்துக்கு அந்தத் தடியனுங்க கிண்டல். அம்மா கூப்பிட்டாங்களா, பீட்சா ஆர்டர் பண்ணினியான்னு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆஸ்திரேலியா பக்கத்துல இருந்திருந்தா ஸ்கூல் வண்டியை எடுத்துட்டே போயிருப்பேன். அப்புறம் யோசிச்சேன். அவனுங்களுக்காவது உன்னை யாருன்னு தெரியாது. தெரிஞ்ச நான் என்ன கிழிச்சேன்?

"எழுதுடா கோபி"ன்னேன். "அக்கா, கொஞ்சம் பணிவா..."ன்னான். "நான் சொல்றதை மட்டும் அடி. போனைத் தூக்கினது சாதிக் இல்ல, அவன் அக்கா மும்தாஜ். நாலு பேர் சிரிச்சாங்கன்னு வேணும்னே தூக்கினேன். அவன் யாரையும் இடிக்கல, இடிச்சது நான். தடை போடணும்னா எனக்குப் போடு. அவன் பேரை எடு. அவன் இப்ப உயிரோட இல்ல."

ஒரு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு. ரொம்ப வருத்தமாம். அடுத்த ரேஸுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மௌனமா நிப்பாங்களாம். மௌனத்தை யாருடா கேட்டா? வாழ்ந்தப்போ நாலு பக்கம் பேசிட்டு இப்ப என்ன மௌனம்? "பேரை எடுப்பியா மாட்டியா?"ன்னு திரும்ப எழுதச் சொன்னேன். கோபி இந்தத் தரம் பணிவுப் பேச்சே எடுக்காம அடிச்சான்.

போன ஞாயித்துக்கிழமை அவன் சென்டர்ல உக்காந்து அந்த ரேஸைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நின்னானுங்க. அப்புறம் கிளம்பின முதல் வளைவுலயே மூணு பேர் ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டானுங்க. வழி விடத் தெரியாத கழுதைங்க. இவனுங்க நடுவுலயாடா நீ ஒரு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினே? என்கிட்ட லைசென்ஸுக்கு வர்றவங்கள்ல உன் பொறுமையில பாதி இருக்கறவங்களை நான் பார்த்ததில்ல. இதை உன்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும்.

ரேஸ் முடிஞ்சதும் கோபி பட்டியலைத் திறந்து காமிச்சான். உன் பேர் இல்ல. அந்த இடத்துல புதுசா ஒரு வரி. மும்தாஜ், தாம்பரம். குற்றம்: போனைத் தூக்கியது. தடை: ஆயுளுக்கும்.

கேலியா பண்ணினானுங்களா, நிஜமாவே பண்ணினானுங்களா தெரியல. எதுவா இருந்தாலும் சரி. பதினோரு வருஷமா ஒரு கேஸ் வாங்காதவளுக்கு, ஓட்டவே தெரியாத விளையாட்டுல ஆயுள் தடை. இருக்கட்டும்டா. எனக்குக் குடுக்க வேண்டியதை ஒருத்தனாவது குடுத்தானே.

அரிசி மூட்டையை இன்னும் அங்கிருந்து எடுக்கல. எல் போர்டைத் தொடைச்சு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மூணு மணி ஆனா அது போன் மேல இருக்கும். மாமா அடிச்சாலும், துபாய்ல இருந்து உன் மச்சானே அடிச்சாலும், மணி அடிச்சு ஓயட்டும். நான் எடுக்க மாட்டேன். நீ நிதானமா ஓட்டி முடி.

போனைத் தூக்கினவ,
உன் அக்கா மும்தாஜ்